டிக்கெட்டில் ஒட்டிக்கொண்ட ‘திறமைக் கட்டணம்’

2025 ஜூலை 1 முதல் அமெரிக்கக் கல்லூரிகள் தங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். வீரர்கள் தொடுத்த வழக்கில் அமெரிக்க நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த சமரசத்தின் விளைவு இது. முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு, கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர்.

பணத்துக்கு எங்கே போவது? டென்னசி பல்கலைக்கழகம் சுற்றி வளைக்கவில்லை. கால்பந்து டிக்கெட்டில் 10 சதவீதம் ‘திறமைக் கட்டணம்’ என்று ஏற்றிவிட்டது. (அவர்களுடைய கால்பந்தைப் பெரும்பாலும் கையால்தான் ஆடுகிறார்கள், அது தனிக்கதை.) அந்த வெளிப்படைத்தன்மையாவது எனக்குப் பிடித்திருக்கிறது.

தொலைக்காட்சி உரிமத்தில் கோடிகள் புரளும் பெரிய கல்லூரிகள் சமாளித்துவிடும். சிறிய கல்லூரிகள் மாணவர் கட்டணத்தில் கைவைத்தால்? மைதானத்துப் பக்கமே போகாமல், கடன் வாங்கிப் படிக்கும் பெண்ணும் அல்லவா பங்கு கொடுக்க வேண்டும்! வருமானம் தராத நீச்சல், டென்னிஸ் அணிகளோ, செலவைக் குறைக்கத் தங்களைக் கலைத்துவிடுவார்களோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கின்றன.