கேபிள் ஷாஃப்டும் தீயணைப்புச் சான்றும்: கடலூர் அனுபவம்

மஞ்சக்குப்பத்தில் நான் நிர்வாகம் பார்க்கும் சிறிய மருத்துவமனைக்குத் தீயணைப்புத் துறைச் சான்றைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. தீயணைப்பான், ஹோஸ் ரீல், அலாரம் எல்லாம் சரி. ஆய்வுக்கு வந்த அதிகாரி கடைசியாக லிஃப்ட் பக்கத்து கேபிள் ஷாஃப்டை, அதாவது கேபிள்கள் தளம் தளமாக மேலே ஏறும் செங்குத்துப் பாதையை, திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். "இங்க நின்னா மொட்டை மாடி வரைக்கும் தெரியுது பாருங்க சார்" என்றார்.

நெட்வொர்க் கேபிள் இழுக்கத் தளம்தோறும் போட்ட ஓட்டைகள் மூடப்படவே இல்லை. கீழே தீப்பிடித்தால் அந்த ஷாஃப்ட் ஒரு புகைபோக்கி. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஒவ்வொரு தளத்திலும் இந்த இடைவெளியைத் தீத்தடுப்புப் பொருளால் அடைக்கச் சொல்கிறது. ஆபரேஷன் முடிந்து மூன்றாம் மாடியில் படுத்திருப்பவர் புகை வந்தால் எழுந்து ஓடவா முடியும்?

கேபிள் போட்ட ஒப்பந்ததாரர், ஃபோம் அடித்து மூடிவிடலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கடையில் கிடைக்கும் சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் தானே எரியும். இதற்கென்றே சூடு பட்டால் உப்பிப் பெருகும் சீலண்ட் (அடைப்புப் பசை) இருக்கிறது. கேபிள் உறை உருகினாலும், அந்த இடத்தையும் விரிந்து அடைத்துக்கொள்ளும். பெரிய ஓட்டைகளில் தீத்தடுப்புப் பைகளை அடுக்கினோம். புது லைன் இழுக்கும்போது பையை எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். மருத்துவமனையில் லைன் கூடிக்கொண்டேதான் இருக்கும்.

அப்புறம் கேபிள். பிவிசி உறை எரிந்தால் கரும்புகையோடு ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் வரும். அதனால் வார்டு பக்கம் புகை குறைவான, ஹாலஜன் இல்லாத எல்எஸ்இசட்எச் உறை போட்ட, முழுச் செம்பு கேட் 6 நெட்வொர்க் கேபிள் மட்டும்தான். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள் வேண்டவே வேண்டாம். கேமராவுக்கு அதிலேயே மின்சாரமும் போகும்போது கூடுதலாகச் சூடாகும். உபயோகமில்லாமல் கிடந்த பழைய டெலிபோன் ஒயர்களையும் உருவி எடுத்தோம். தீ வந்தால் அவையும் எரிபொருள்தானே.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள், அடைத்த ஒவ்வொரு இடத்தையும் தள எண்ணோடு போட்டோ எடுத்து, சீலண்டின் சோதனைச் சான்றோடு கோப்பில் வையுங்கள். மறு ஆய்வில் எங்களிடம் முதலில் கேட்டது அதைத்தான். ஷாஃப்ட் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. யார் கேபிள் இழுத்தாலும், ஓட்டையை அடைத்ததை நேரில் பார்த்த பிறகுதான் பில்லில் கையெழுத்துப் போடுகிறேன்.