கருக வேண்டிய அளவுக்குக் கருகவில்லை

எங்கள் வீட்டில் மிளகாய் கருகிவிட்டால் தாளிப்பு நேராகக் குப்பைக்குப் போகும். அம்மா காலத்துச் சட்டம் அது. அம்மாவுக்குப் பிறகு என் மனைவி அதை இன்னும் கறாராக நடத்துகிறாள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து போன நான், மெக்சிகோவில் ஒரு முற்றத்தில் நின்றுகொண்டு, இரண்டு கைப்பிடி மிளகாய் விதையை வேண்டுமென்றே கரியாக்கிக்கொண்டிருந்தேன். அதுவும் அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாள் விருந்துக்காக.

பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "நான் சமைக்காத சாப்பாடு, நான் கழுவாத பாத்திரம்" என்றாள். ஓட்டலுக்குக் கூட்டிப் போயிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் நாங்கள் அப்போது வஹாகாவில் இருந்தோம். எழுத்தில் பார்த்தால் ஓக்ஸாகா, வாயால் சொன்னால் வஹாகா. மெக்சிகோ சிட்டியிலிருந்து பேருந்தில் ஆறேழு மணி நேரம். கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கு மேலே, மூன்று பள்ளத்தாக்குகள் சேரும் இடத்தில் இருக்கிற ஊர். இதை ஏழு மோலேக்களின் ஊர் என்பார்கள். உள்ளூர்க்காரர்களைக் கேட்டால் கணக்கு ஏழோடு நிற்காது. மோலே என்றால் சாறும் இல்லை, குழம்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் கெட்டியாக ஒன்று. ஆஸ்டெக்குகளின் நாவாட்டில் மொழியில் 'மோல்லி' என்பது அதன் மூலச்சொல். அவகாடோவை மசித்துச் செய்கிற குவாக்கமோலேயின் வாலில் இருக்கிற மோலேயும் அதேதான். அவற்றில் கறுப்பு மோலேதான் கல்யாணத்துக்கும், செத்தவர்களுக்குப் படைக்கும் நவம்பர் மாதத் திருநாளுக்கும் வைப்பது. வைத்தால் அதைத்தான் வைப்பது என்று முடிவு செய்தேன்.

ஹலாத்லாக்கோ என்ற பழைய குடியிருப்பில், கல் பாவிய தெருவில், ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். என்னை 'ஹோவென்' என்றுதான் கூப்பிடுவார். இளைஞனே என்று அர்த்தம். எனக்கு ஐம்பத்திரண்டு. கறுப்பு மோலே வைக்கப் போகிறேன் என்றதும் சிரித்தார். அப்புறம் ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதிக் கொடுத்தார். இருபத்தாறு பொருள்.

மறுநாள் காலை மொத்தச் சந்தையான அபாஸ்தோஸுக்குப் போனேன். கடைக்குக் கடை, "என்ன வேணும், குவெரோ?" என்று கூப்பிட்டார்கள். குவெரோ என்றால் வெள்ளைத்தோல்காரர். என் நிறத்தைப் பார்த்துவிட்டும் அப்படித்தான். வியாபாரத்தில் எல்லோரும் குவெரோதான் போலிருக்கிறது, நம் ஊரில் எல்லோரும் சார் ஆகிற மாதிரி.

பட்டியலில் முதல் பெயர் சில்வாக்லே நெக்ரோ. குட்டையாக, தடியாக, குடைமிளகாயைக் காயவைத்துக் கரியில் புரட்டினாற்போல இருந்தது. இந்த மாநிலத்தின் வடக்கே குயிகாட்லான் பக்கம் கொஞ்சம் விளைகிறது, அவ்வளவுதான். அதனால் மற்ற மிளகாயைவிடப் பல மடங்கு விலை. கடைக்காரம்மா எண்ணி எண்ணி எடுத்து வைத்ததைப் பார்த்தால் நகைக்கடை ஞாபகம் வந்தது. அதோடு முலாத்தோ, பசீயா என்று இன்னும் இரண்டு வற்றல். மோந்து பார்த்தால் நம் குண்டு மிளகாயின் நெடி இல்லை. புகையிலை, உலர்ந்த திராட்சை, கொஞ்சம் பழைய மரப்பெட்டி வாசனை.

மசாலாக் கடையில் ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். கிராம்பு, மிளகு, எள், பட்டை. பட்டை என்றால் நம் மளிகைக் கடையில் கிடைக்கிற தடித்த மரத்துண்டு இல்லை. தாளைச் சுருட்டியதுபோல மெல்லிசாக, விரலில் நொறுங்குகிற கறுவா. இலங்கைக் கறுவாவை உலகிலேயே அதிகம் வாங்குகிற நாடுகளில் ஒன்று மெக்சிகோ. அவர்கள் மிளகாய் போர்த்துகீசியர் கப்பலில் நம்மிடம் வந்தது. மிளகைப்போல உறைக்கிற காய் என்று பேர் வைத்துச் சொந்தமாக்கிக்கொண்டோம். நம் பக்கத்து மிளகும் கறுவாவும் அவர்கள் கல்யாணக் குழம்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. கணக்கு நேராகிவிட்டது.

மனைவியை சாந்தோ தொமிங்கோ தேவாலயத்துக்கும் அதன் பின்னால் இருக்கிற தாவரத் தோட்டத்துக்கும் அனுப்பிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். மிளகாயைக் கீறி, காம்பும் நரம்பும் விதையும் எடுத்து, விதையைத் தனியாக வைக்க வேண்டும். தோலை எண்ணெயில் ஒரு புரட்டு. முறைப்படி பன்றிக்கொழுப்பில்தான் வறுக்க வேண்டும். அதை என் மனைவி சாப்பிட மாட்டாள் என்றேன். வீட்டுக்கார அம்மா ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எண்ணெய் புட்டியை எடுத்துக் கொடுத்தார். பாதாம், வேர்க்கடலை, எள், திராட்சை, நேந்திரம் மாதிரி ஒரு வாழைப்பழம், மஞ்சள் கரு சேர்த்த ரொட்டி ஒரு துண்டு, எல்லாம் தனித்தனியாக வறுபட்டன. தக்காளியும், உறை போட்ட சின்னப் பச்சைத் தக்காளியும், பூண்டும், வெங்காயமும் கோமால் என்கிற மண் கல்லில் தோல் கறுக்கச் சுட்டோம்.

கடைசியில் விதை. "கருக்கு" என்றார். சிவந்ததும் எடுக்கப் போனேன். "இன்னும்." பழுப்பானது. "இன்னும்." கை நடுங்கியது என்றால் பொய்யில்லை. கரண்டியை வாங்கி, அடுப்புத் தீயைக் கல்லின் விளிம்பில் ஏறவிட்டார். விதை பற்றிக்கொண்டது. புகை முற்றம் முழுக்க அப்பி, தொண்டை கமறி, இரண்டு பேரும் மாறி மாறி இருமினோம்.

அந்த நேரம் பார்த்து மனைவி திரும்பி வந்தாள். தெரு முனையிலேயே நெடி பிடித்துவிட்டதாம். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்று, "யாருக்குங்க திருஷ்டி கழிக்கிறீங்க?" என்றாள்.

"உனக்குத்தான்."

"கமறுதுல்ல, அப்போ திருஷ்டியே இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பத் தெருவுக்கே போய்விட்டாள்.

எரிந்த விதையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிக் கசப்பை இறக்க வேண்டும். கூடவே தோர்த்தியா என்கிற சோள ரொட்டி ஒன்றும் தீயில் கரியாக வேண்டும். இங்கேதான் நான் ஏமாற்றினேன். வீட்டுக்கார அம்மா உள்ளே போன சமயம், தோர்த்தியாவை அரைக் கறுப்பிலேயே எடுத்துவிட்டேன். அம்மாவின் சட்டம் ரத்தத்தில் இருக்கிறது, என்ன செய்ய.

எல்லாவற்றையும் ஒரு வாளியில் போட்டு மில்லுக்கு எடுத்துப் போனேன். குழம்பு மிளகாய்த்தூள் அரைக்கத் தூக்குவாளியோடு நின்ற சின்ன வயது அப்படியே திரும்பி வந்தது. அதே வரிசை, அதே இரைச்சல். முன்னால் ஒருவர் கொக்கோ அரைத்தாரா, ஊறிய சோளம் அரைத்தாரா என்று எட்டிப் பார்க்கிற அதே கவலை. மில்காரர் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அரைத்து வழித்துக் கொடுத்தார். வழவழவென்று இருந்தது. ஆனால் நிறம் செங்கல் பழுப்பு.

வீட்டுக்கார அம்மா வாளிக்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது கொலோராதீத்தோ" என்றார். சிவப்பு மோலேக்களில் ஒன்றின் பெயர் அது. ஒன்றும் விசாரிக்கவில்லை. இரண்டு தோர்த்தியாவை நேரே தீயில் போட்டு, நிஜமான கரியாக்கி, மெத்தாத்தே முன்னால் என்னை முழங்காலிட வைத்தார். மூன்று கால் வைத்த, முன்பக்கம் சரிந்த எரிமலைக்கல் அம்மி அது. நம் அம்மியில் உட்கார்ந்து இழுப்போம். இதில் முழங்காலில் நின்று, உடம்பின் கனத்தையே கீழ்நோக்கித் தள்ள வேண்டும். பத்து நிமிடத்தில் முதுகு பேச ஆரம்பித்தது. அந்தக் கரி விழுது சேர்ந்ததும் கலவை ஈர மண் மாதிரி கறுத்தது. இனிப்புமில்லாமல் கசப்புமில்லாமல் ஒரு வாசனை எழும்பியது.

மண் சட்டியில் அதை எண்ணெயில் வதக்கி, தக்காளி விழுது விட்டு, கோழி வெந்த தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றி, கரண்டியை நிறுத்தாமல் கிண்டினேன். சட்டி 'ப்ளக், ப்ளக்' என்று கொப்பளித்துக் கையெல்லாம் தெறித்தது. கடைசியில்தான் சாக்லேட், ஒரு வில்லை. மினா தெருவில் கொக்கோவோடு பட்டையும் சர்க்கரையும் சேர்த்து அரைத்து விற்கிறார்கள், தெருவே மணக்கும். மோலே என்றால் சாக்லேட் குழம்பு என்று நினைப்பவர்களுக்கு: அந்த இருபத்தாறில் அது ஒன்று. வாட்டிய அவகாடோ இலை இரண்டு போட்டால் சோம்பு வாசனை வருகிறது.

சாப்பிட உட்காரும்போது சாயந்திரம் ஆறு மணி. கோழித்துண்டு தெரியாதபடி மோலேயை ஊற்றி, மேலே எள் தூவி, பக்கத்தில் சோறும் துணியில் சுற்றிய தோர்த்தியாவும் வைத்தேன். மனைவி விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு முறை தொட்டாள். "வத்தக்குழம்பை மூணு நாள் சுண்ட வச்ச மாதிரி ஆரம்பிக்குது" என்றாள். "அப்புறம் எங்கேயோ போயிடுது." ஸ்பூனை ஒதுக்கிவிட்டுச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டாள். வீட்டுக்கார அம்மா அதை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாத்திரம் நான்தான் கழுவினேன். மண் சட்டியின் கறுப்பு போக அரை மணி நேரம் ஆனது.

மறுநாள் காலையில் எழுந்தபோது அவள் அடுப்படியில் இருந்தாள். மிச்ச மோலேயைச் சூடாக்கி, தோர்த்தியாவை அதில் முக்கி மடித்து, வெங்காயம் தூவிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கார அம்மா சொல்லிக் கொடுத்தாராம். முந்தின நாளைவிட ருசியாக இருந்தது, பழைய குழம்புக்கு இருக்கிற குணம் இதற்கும் இருக்கிறது.

"அந்தக் குட்டை மிளகாய் விதை கொஞ்சம் எடுத்து வச்சிருக்கீங்களா?" என்றாள். "எப்படி இருக்கும்னு பார்க்கணும்."

"எல்லாத்தையும் கருக்கிட்டேனே."

"ஒண்ணுகூட மிச்சமில்லையா?"

முற்றத்தில் கோமாலின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். கரிதான் ஒட்டியது.