ஐந்து விநாடி டைமர் ஐந்தேகால் விநாடி எடுக்கிறது

மூன்று வாரமாக இழுத்தடித்த விஷயம் நேற்று இரவு பிடிபட்டது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் டைமர்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று தமிழில் குறிப்பு எழுதி வருகிறேன். அதில் "5 விநாடிக்கு வைத்தால் 5 விநாடியில் கால்பேக் வரும்" (கால்பேக்: நேரம் முடிந்ததும் கர்னல் அழைக்கும் நம் நிரல் துண்டு) என்ற ஒற்றை வரியை மட்டும் நிரூபிக்க முடியாமல் இருந்தது.

சோதனை மாட்யூல் (கர்னலில் செருகும் நிரல்) சின்னதுதான். டைமரை வைக்கும் மாட் டைமர் அழைப்புக்கு ஜிஃபிஸ் (கர்னலின் கடிகாரத் துடிப்பு எண்ணிக்கை) + 1250 கொடுத்து, கால்பேக்கில் எத்தனை ஜிஃபி கடந்தது என்று அச்சிட்டேன். என் மடிக்கணினியில் ஹெச்இசட் (விநாடிக்கு எத்தனை துடிப்பு என்ற அமைப்பு) 250, அதாவது ஒரு ஜிஃபிக்கு 4 மில்லி விநாடி, 5 விநாடிக்கு 1250 ஜிஃபி. வந்தவை: 1258, 1302, 1285, 1271. ஒரு தடவைகூட 1250 இல்லை. அதற்குக் கீழேயும் போகவில்லை. முதலில் மெய்நிகர் இயந்திரத்தைச் சந்தேகித்து நிஜ இயந்திரத்துக்கு மாற்றினேன். அப்புறம் அச்சிடுவதுதான் தாமதமோ என்று சீரியல் கேபிள் வாங்கினேன். எதுவும் மாறவில்லை.

துப்பு வேறு இடத்தில் கிடைத்தது. டைமரைக் கால்பேக்குக்குள்ளேயே மறுபடி வைத்துப் பார்த்தேன். இப்போது 1280, 1280, 1280. அசையவே இல்லை. 1280 என்பது 20 × 64. உடனே கால்பேக் வந்த நேரத்து ஜிஃபிஸை 64-ஆல் வகுத்தேன். மீதி 0. பழைய பதிவுகளில் கால்பேக் வந்த நேரங்களையும் வகுத்தேன். அவற்றிலும் 0!

சரி, டைமர் சக்கரத்தின் (கர்னல் டைமர்களை நேரவாரியாகப் போட்டுவைக்கும் அமைப்பு) அடுக்குகள் தெரிந்தவர்களுக்கு மீதிக் கதை புரிந்திருக்கும். 2016-இல் 4.8 கர்னலில் கர்னல் உருவாக்குநர் தாமஸ் கிளைக்ஸ்னர் மாற்றி எழுதிய சக்கரத்தில் அடுக்குக்கு 64 பக்கெட் (ஒன்றாக அடிக்க வேண்டிய டைமர்கள் விழும் இடம்). மேலே போகப் போக ஒவ்வொரு அடுக்கின் படியும் (பக்கெட்டுக்குப் பக்கெட் உள்ள இடைவெளி) 8 மடங்கு. 1250 விழுவது மூன்றாவது அடுக்கில். அங்கே 64 ஜிஃபிக்கு ஒரு பேருந்துதான். சரியாகப் புறப்படும் நொடியில் போய் நின்றாலும் அடுத்ததில்தான் ஏற முடியும், ஏனென்றால் கர்னலின் நிரல் குறியீடு எப்போதும் பக்கெட் எண்ணில் ஒன்றைக் கூட்டியே வைக்கிறது. டைமர் முந்தி அடித்துவிடக் கூடாது என்பதற்காக. ஆக, தாமதம் 1 முதல் 64 ஜிஃபி வரை. அதிகபட்சம் 256 மில்லி விநாடி.

இதைவிட எனக்குப் பிடித்தது அடுக்கின் எல்லை. மூலக் கோப்பின் கருத்துரையில் உள்ள அட்டவணையைப் பார்த்தால் மூன்றாவது அடுக்கு 512 ஜிஃபியில் தொடங்குவதாகத் தோன்றும். குறியீட்டிலோ அது 63 × 8, அதாவது 504. சோதித்தேன்: 500 ஜிஃபி, அதாவது சரியாக 2 விநாடி வைத்தால் தாமதம் 8 ஜிஃபியைத் தாண்டவில்லை. 510 வைத்ததும் 64 வரை போனது. வெறும் 40 மில்லி விநாடி கூட்டியதற்கு எட்டு மடங்கு தளர்வு. அட்டவணையை மட்டும் நம்பியிருந்தால் 510-ஐ இரண்டாவது அடுக்கில் எழுதியிருப்பேன்.

இது பிழையல்ல, அருமையான வடிவமைப்பு என்றே நினைக்கிறேன். நெட்வொர்க், வட்டு ஆகியவற்றின் டைமர்களில் பெரும்பாலானவை காலம் முடியும் முன்பே ரத்தாகின்றன. அவற்றுக்குத் துல்லியம் எதற்கு? பழைய சக்கரம் டைமர்களை மேலடுக்கிலிருந்து கீழடுக்குக்கு இறக்கி இறக்கி வேலையைக் கூட்டிக்கொண்டிருந்தது. புதியது வைத்த இடத்திலேயே விட்டுவிடுகிறது.

துல்லியம் வேண்டுமென்றால் ஹெச்ஆர்டைமர் என்ற உயர்துல்லிய டைமர் இருக்கிறது. கர்னல் 2.6.16-இலிருந்தே உண்டு, சிவப்பு-கருப்பு மரம் என்ற தரவு அமைப்பில் நானோ விநாடிக் கணக்கு. அதற்கும் ஒரு மாட்யூல் பாதி எழுதிவிட்டேன். எடுத்துக்காட்டு தேடும்போது கர்னல் 4.15-க்கு முந்தையவற்றைத் தவிர்த்துவிடுங்கள். சாதாரண டைமரை அமைக்கும் முறையே அதில் மாறிவிட்டதால் கம்பைலர் தொகுக்கவே தொகுக்காது. இரண்டு மாலைகள் எனக்கு அதில் போயின.

ஹெச்இசட் 1000 வைத்து கர்னலைத் தொகுக்கப் போட்டிருக்கிறேன். அதே 5 விநாடி அங்கே 5000 ஜிஃபி, நான்காவது அடுக்கு, படி 512. கணக்குப்படி தாமதம் அரை விநாடியைத் தொட வேண்டும். குறிப்பில் அந்த வரிசை இன்னும் காலியாக இருக்கிறது.