நண்பன் எழுதிய வரலாறு

வெள்ளவத்தையில் நாங்கள் சிலர் கூடும் வாசிப்பு வட்டத்தில் இந்த முறை என் பங்குக்கு டீட்ரிச் போன்ஹோஃபரை எடுத்தேன். ஹிட்லரை எதிர்த்து, 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்ட ஜெர்மன் போதகர். ஆனால் எனக்குக் கதைக்க ஆசையாக இருந்தது அவரைவிட, அவருடைய வாழ்க்கையை எழுதிய எபெர்ஹார்ட் பெத்கெயைப் பற்றித்தான்.

1935இல் போன்ஹோஃபரிடம் படிக்க வந்த மாணவர் பெத்கெ. அப்புறம் உற்ற நண்பர். 1943இல் போன்ஹோஃபரின் அக்கா மகளையே கட்டினார். சிறையிலிருந்து ஒளித்துக் கடத்தப்பட்ட கடிதங்கள் பல இவருக்கு எழுதப்பட்டவை. இவ்வளவு நெருங்கிய ஒருவர் எழுதினால் எங்கள் ஊரில் அது, செத்தவரைப் புகழ்ந்து மட்டுமே எழுதும் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் மாதிரித்தான் இருக்கும்.

1967இல் வெளிவந்த பெத்கெயின் ஆயிரம் பக்க நூல் அப்படியில்லை. 1933 ஏப்ரலில் போன்ஹோஃபரின் இரட்டைச் சகோதரியின் மாமனார் இறந்தார். அவர் யூதர், ஞானஸ்நானம் பெறாதவர். அடக்க ஆராதனையை நடத்தித் தரும்படி குடும்பம் கேட்டது. போன்ஹோஃபர் சபை மேலதிகாரியிடம் யோசனை கேட்டார், பிறகு மறுத்துவிட்டார். சில மாதம் கழித்து, அப்போது ஏன் அவ்வளவு பயந்தேன் என்று வருந்தி மைத்துனருக்கு எழுதினார். பெத்கெ இதை மறைக்கவில்லை.

"செத்த மனுசனைப் பற்றி இதெல்லாம் எதற்குத் தம்பி?" என்று எங்களில் மூத்த ஐயா ஒருவர் முகம் சுளித்தார். எனக்கோ இது தெரிந்த பிறகுதான் 1939 விளங்கியது. அந்த ஜூனில் நியூயோர்க் போனவருக்கு அங்கேயே பத்திரமாக இருந்துவிட வழி இருந்தது. யுத்தம் வரப்போகிறது என்று தெரிந்தும் ஜூலையில் கப்பலேறித் திரும்பினார். ஒருமுறை பயந்து பின்வாங்கிய ஆள் என்று தெரியாவிட்டால், பிறவியிலேயே பயமறியாதவர் திரும்பினார் என்று வாசித்துவிட்டுப் போயிருப்பேன்.

ஐயா சமாதானமாகவில்லை. வடை முடியும்வரை வாதாடினோம்.

அடுத்த கூட்டத்துக்கு கொட்டாஞ்சேனை அண்ணன் யோசப் வாஸ் அடிகளாரை எடுக்கிறார். ஒல்லாந்தர் காலத்தில் 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, கண்டியில் ஒற்றன் என்று சிறைப்பட்டவர். 2015இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கியபோது அண்ணன் கூட்டத்தில் நின்றவர். அவரிடம் ஒன்றுதான் கேட்டிருக்கிறேன்: புதுமைகளை, அதாவது அற்புதங்களை, சுருக்கி, அந்தச் சிறைக் காலத்தை விரிவாகச் சொல்லுங்கள்.