கொப்பில் குந்திய ஊர்

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒன்பது வருடம் இருந்துவிட்டுத் தெற்கு பிரான்சின் கவய்யோனுக்குப் போகிறேன் என்றதும் கூட்டாளிகள் சிரித்தார்கள். கறிவேப்பிலைக்கு என்ன செய்வாய் என்றார்கள். நியாயமான கேள்விதான். இப்போதும் பாரிசிலிருந்து யாராவது வந்தால்தான் உண்டு. கோடையில் மெலன் பெட்டி அடுக்கும் வேலை, மற்ற மாதங்களில் கிடைத்த வேலை.

இங்கே மலையுச்சி ஊர்களை 'வில்லாஜ் பெர்ஷே' என்பார்கள். கொப்பில் குருவி குந்தியிருப்பதற்கும் அதே சொல்தான். கோர்த், பொன்னியூ, லாகொஸ்த் எல்லாம் அப்படிக் குந்தியவை. அழகுக்காக யாரும் ஏறவில்லை. கீழே படைகளும் கொள்ளையரும் அலைந்த காலம். வருகிறவனைத் தூரத்திலேயே கண்டுவிட வேண்டும்.

நான் அடிக்கடி போவது ஒப்பேத்-லெ-வியூ. வண்டியைக் கீழே விட்டு நடந்துதான் ஏற வேண்டும். உச்சியில் தேவாலயம், பக்கத்தில் இடிந்த கோட்டை. அந்த ஊரின் பிரபு ஜான் மேனியே, 1545இல் வால்தென்சியர் என்ற மாற்றுக் கிறிஸ்தவர்கள் மேல் படை நடத்தி அவர்களுடைய மெரிந்தோல் ஊரை எரித்தவர். மெரிந்தோலில் இன்றும் சனம் இருக்கிறது. அவருடைய கோட்டைக்குத்தான் கூரையில்லை. அதை நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோசம், ஏன் மறைப்பான்.

பயம் போனதும் ஊரும் இறங்கிவிட்டது. லூபரோன் மலையின் வடக்குச் சரிவு என்பதால் மாரியில் வெயில் எட்டிப் பார்ப்பதே அரிது. வடக்கிலிருந்து வரும் மிஸ்திரால் குளிர்காற்று நேரே முகத்தில் அடிக்கும். தோட்டம் கீழே, வீடு மேலே என்று எத்தனை நாள் ஏறி இறங்குவது? சமவெளியில் லே பூலிவே என்று புது ஊர் எழும்பியது, மேலே வீடுகள் பாழாகின. 1940இல் பிரான்ஸ் விழுந்தபோது சில கலைஞர்கள் வந்து அந்தப் பாழ் வீடுகளில் ஒண்டினார்கள். பிறகுதான் திருத்தி வாழ ஆட்கள் வந்தார்கள்.

என்னோடு பெட்டி அடுக்கும் வயதான மதாமின் குடும்பமும் அப்படி இறங்கியதுதான். படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கோட்டையை அவர் பார்க்கவேயில்லை. படிக்கட்டில் விரலை வைத்து, "அம்மம்மா இதால்தான் விறகு தூக்கினவ" என்றார்.

"நீங்கள் போவதில்லையா?"

"இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் பாரிசிலிருந்து விருந்தாளிகள் வந்ததால்."