கோணல் சுவர்களோடு ஒரு சமரசம்

ஒரு சுவர் எவ்வளவு கோணல் என்பதை அறிய, இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்துப் பார்க்க வேண்டும். பகலில் சாதுவாக இருந்த என் அறைச் சுவர்களில் மேடும் பள்ளமும் பழைய பூச்சு வேலையின் தடங்களும் அப்போதுதான் வரிசையாக எழுந்து நின்றன. மட்டப்பலகையை வைத்தால் சில இடங்களில் அதன் பின்னால் விரல் நுழைந்தது. பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்து மறுபடி பூசும் துணிவு எனக்கு இல்லை. உண்மையில் அதற்குத் தேவையும் இல்லை. கண்ணில் உறுத்துவது மேடல்ல, அது போடும் நிழல். அதற்கடுத்தது, பக்கத்தில் ஒரு நேர்கோடு இருந்து கோணலைக் காட்டிக்கொடுப்பது. சுவர்த்தாளையும் (வால்பேப்பர்) பெயின்ட்டையும் கொண்டு இந்த இரண்டையும் தவிர்த்தால் போதும் என்று முடிவு செய்தேன்.

முதலில் ஓதம். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பார்த்தேன். தாளின் உட்புறம் நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது, வெளிப்புறம் கோத்தால் அறைக் காற்றில் இருக்கிறது. இரண்டு பக்கமும் உலர்ந்தே இருந்தது. ஈரச் சுவரில் வினைல் சுவர்த்தாளை ஒட்டினால் பூஞ்சைக்குப் போர்வை போர்த்திய கதைதான்.

பிறகு விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்த பூச்சை மட்டும் பெயர்த்தேன். ஆழமான பள்ளங்களுக்குக் கலவை, மேலோட்டமானவற்றுக்குப் பட்டி. பட்டியை ஒரே முறையில் தடிமனாக அப்பினால் வெடிக்கும். மெல்லிய பூச்சாக இழுத்து, காயவிட்டு, மறுபடி இழுப்பதுதான் வழி. 120-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, 220-ஆல் முடித்தேன். முகமூடி போட்டிருந்தும் புருவம் வரை வெள்ளை. தூசியைத் துடைத்துவிட்டுப் பிரைமர்.

எந்தச் சுவருக்குத் தாள், எதற்குப் பெயின்ட் என்பதை வெளிச்சத்திடம் விட்டுவிட்டேன். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒளி நேராக விழுவதால் நிழல் குறைவு. அங்கே பளபளப்பில்லாத மேட் பெயின்ட் தாராளமாகப் போதும். பளபளப்பு கூடக்கூட ஒவ்வொரு மேடும் மினுங்கும். ஜன்னலை ஒட்டிய பக்கச்சுவரில்தான் ஒளி சாய்வாக உரசிக்கொண்டு போகிறது. அதற்குச் சொரசொரப்பான, தடித்த, நெய்யாவகைத் (non-woven, இழைகளை நெய்யாமல் அழுத்திச் செய்த) தாள் வாங்கினேன். இந்த வகைக்குப் பசையைச் சுவரிலேயே பூசலாம், தாள் ஊறும்வரை காத்திருக்க வேண்டாம். பட்டைக்கோடு போட்ட தாள் அழகாகத்தான் இருந்தது. ஆனால் சாய்ந்த மூலைக்குப் பக்கத்தில் ஒரு செங்குத்துக் கோடு நின்றால் அதுவே சாட்சி சொல்லும். ஒழுங்கின்றிச் சிதறிய சிறு இலைகள் போட்டதை எடுத்தேன். எல்லாச் சுருள்களிலும் ஒரே தொகுதி எண் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன், நிறம் லேசாக மாறினாலும் இணைப்பில் தெரியும்.

சுவரின் மூலையை நம்பி முதல் தாளை ஒட்டக் கூடாது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, பென்சிலால் செங்குத்துக் கோடு போட்டு, அதையொட்டி ஆரம்பித்தேன். அதுவும் ஜன்னல் பக்கத்திலிருந்து: இணைப்பில் அடுத்த தாள் முந்தையதன்மேல் லேசாக ஏறியிருந்தாலும் விளிம்பு ஒளியைப் பார்த்தபடி இருக்கும், நிழல் விழாது. சுவிட்ச் பெட்டியை நெருங்கும் முன் மெயினை அணைத்துவிட்டேன். ஈரத்தாள் மழுங்கிய பிளேடைக் கண்டால் உடனே கிழிகிறது, அதனால் கத்தியின் முனையைக் கஞ்சத்தனம் பார்க்காமல் உடைத்துக்கொண்டே இருந்தேன்.

அதிகம் படுத்தியது தாள் முடிந்து பெயின்ட் தொடங்கும் மூலை. மூலை வளைந்திருந்ததால் நேராக வெட்டினால் ஓரிடத்தில் இடைவெளி, இன்னோர் இடத்தில் ஏற்றம். வளைவின் போக்கிலேயே வெட்டி, மெல்லிய இடைவெளிகளை அக்ரிலிக் பசையால் அடைத்து, காய்ந்தபின் பக்கத்துச் சுவரின் பெயின்ட்டை அதன்மேல் தீட்டினேன். மேற்கூரையும் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கூரைக்கும் எதிர்ச்சுவருக்கும் ஒரே வெள்ளையை அடித்ததில் அங்கே எல்லைக்கோடு கரைந்துபோனது.

புத்தக அலமாரியின் மேற்பகுதி மட்டும் இன்னும் சுவரை விட்டு விலகியே நிற்கிறது. கவிழாதபடி சுவரோடு ஒரு தகடு வைத்து முடுக்கியிருக்கிறேன்.