போபாலும் ஒரு நாவலும்

இந்திரா சின்ஹாவின் ‘அனிமல்ஸ் பீப்பிள்’ படித்து முடித்தேன். 2007-ல் வந்த நாவல், அந்த ஆண்டு புக்கர் பரிசின் குறும்பட்டியலில் இருந்தது. ஊருக்கு கௌஃப்பூர் என்று வேறு பெயர் வைத்திருந்தாலும் அது போபால்தான் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். கதை சொல்கிறவன் முதுகெலும்பு வளைந்து, கைகளையும் ஊன்றி நடக்கும் 19 வயதுப் பையன்.

என்னை உலுக்கியது விஷவாயு கசிந்து, பாழடைந்து கிடக்கும் ஆலை வளாகம். செடிகொடி மண்டிக் காடாகவே ஆகிவிட்டது, ஆனால் ஒரு பறவைச் சத்தம் இல்லை, புல்லில் வெட்டுக்கிளி இல்லை, தேனீ இல்லை. அப்புறம், என் குழந்தைக்கு விஷத்தைக் கொடுக்க மாட்டேன் என்று தாய்ப்பாலை மண்ணில் பீய்ச்சிவிடும் ஒரு தாய். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், உடனே தொடர முடியவில்லை.

1984 டிசம்பர் 2 இரவு போபால் ஆலையில் மெத்தில் ஐசோசயனேட் என்ற விஷவாயு கசிந்தது, ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள், இவ்வளவுதான் நம் பாடப்புத்தகம் சொன்னது. ஆலையைச் சுற்றி நிலத்தடி நீர் கெட்டுப்போனதை யார் சொன்னார்கள்? 1989-ல் 47 கோடி டாலர் நஷ்டஈட்டோடு கணக்கை முடித்தார்கள். உள்ளே கிடந்த 337 டன் கழிவை வெளியே எடுக்க 2025 வரை ஆனது, அதையும் மத்தியப் பிரதேசத்திலேயே உள்ள பீதம்பூருக்குக் கொண்டுபோய்த்தான் எரித்தார்கள், அங்கிருந்த மக்கள் எவ்வளவோ எதிர்த்தும்.

நாவலில் கம்பெனிக்காரர்கள் வழக்குக்கு வருவதே இல்லை. நிஜத்திலும், ஆலையின் தாய் நிறுவனமான அமெரிக்காவின் யூனியன் கார்பைடுக்கு அப்போது தலைவராக இருந்த வாரன் ஆண்டர்சன் 2014-ல் சாகும்வரை இந்திய நீதிமன்றத்தில் விசாரணைக்கு நிற்கவே இல்லை.